காரமில்லாமல், நான்கு பேருக்கு

வெள்ளிக்கிழமை இரவு அண்ணன் குரல் அனுப்பியிருந்தான்:
"ஞாயித்துக்கெழம வர்றோம் கண்ணு.
பசங்களக் கூட்டிட்டுப் போற மாதிரி நாலு இடம் எழுதி வையி.
காரம் ஆகாது, பாத்துக்க.
சின்னவளுக்கு உசரச் சேர் இருக்கற கடைன்னா நல்லது.
அப்பறம், பாத்ரூம்."

ஒன்பது வருஷமாகக் காரைக்குடியில் இருக்கிறேன்.
ஆய்வுக்கூடத்தில் கறுப்புப் பொடிகளை
மில்லிகிராம் பிசகாமல் நிறுப்பது வேலை.
எந்த மெஸ்ஸில் ஒற்றை ஆளுக்கு
முகம் சுளிக்காமல் ஓரத்து மேசை தருவார்கள்,
எங்கே பாதிச் சாப்பாட்டைக் கட்டித் தருவார்கள்,
இதெல்லாம் சொல்வேன்.
நான்கு பேர் மேசைப் பக்கம் நான் போனதில்லை.

இருந்தும் எழுதினேன், நேரம் போட்டு, கோடு போட்டு.

பன்னிரண்டரைக்கு மெஸ்.
"காரமில்லாம என்ன இருக்கு?"
நனையாத தண்ணீர் கேட்டதுபோல்
பரிமாறுகிறவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.
பிறகு அடுக்களைக்குக் குரல் கொடுத்தார்:
"பிள்ளைகளுக்கு வெள்ளைப் பணியாரம்! சட்னி வேணாம், சீனி!"
உசரச் சேர் இல்லை.
நாற்காலியில் பாதி தீர்ந்த அரிசி மூட்டையை அமுக்கி வைத்து
உற்சவரை வாகனத்தில் ஏற்றுவதுபோல்
இரண்டு பேர் சேர்ந்து இதழினியை ஏற்றினார்கள்.
தக்‌ஷித் பதினோரு பணியாரம்.
பன்னிரண்டாவதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
அண்ணி நண்டு வாங்கினாள்.
கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய
ஓட்டைக் கடித்து உறிஞ்சினாள்.
யாரும் அவளை எதற்கும் கூப்பிடாத
ஒரு பத்து நிமிஷம்.

கானாடுகாத்தான். பெரிய வீடு. ஆளுக்கு டிக்கெட்.
வாசலில் நின்றால்
பின்கட்டு வரை வெளிச்சம் ஒரே நூலாக ஓடுகிறது.
"இந்தத் தூணு பர்மாவுலேருந்து" என்று
வழிகாட்டி ஆரம்பித்ததும்
"அத்தை, உச்சா."
எண்ணி மாளாத கதவுகள்.
அவனுக்கு வேண்டிய ஒன்றில் பூட்டு.
"வேலை நடக்குதுங்க."
ஆறு வயதுக்காரன் கால் பின்னி ஆடுகிற ஆட்டம்
மேலே பதித்த கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

பெருக்கிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம்தான்
விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அவன் கையைப் பிடித்தார்.
இரண்டு தெரு தள்ளி அவர் வீடு.
அரசாங்கம் கட்டிக் கொடுத்த நீலக் கதவு.
தகரக் கூரை. ஒரு வாளி, ஒரு குவளை, சுத்தம்.
வெளியே வந்தவன் ஜிப்பைக்கூட ஏற்றாமல் கத்தினான்:
"அத்தை! இங்க வாத்து இருக்கு!"
அதோடு பர்மா முடிந்தது.
நாற்பது நிமிஷம் வாத்து.
சட்டைப்பைப் பணியாரமும் அதற்கே போனது.
காசு கொடுக்கப் போன அண்ணனிடம்
"வாத்துக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்றார் பஞ்சவர்ணம்.

ஆத்தங்குடியை நான் எழுதியது
தரை குளிர்ச்சியாக இருக்கும் என்பதற்காக.
ஒரு ஆள் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றுவதை
அண்ணன் படமெடுத்தான்.
பிள்ளைகள் பூப்போட்ட தரையில் குப்புறப் படுத்து
கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள்,
இந்தப் பூ சில்லு, இந்தப் பூ சூடு என்று.
கல் ஊறுகிற தொட்டியில்
இதழினி தன் ஒரு செருப்பை ஊறப் போட்டாள்.
"நாலு நாள் கழிச்சு வா பாப்பா,
செருப்பு நல்லா இறுகியிருக்கும்" என்றார் ஒருவர்
கம்பால் துழாவிக்கொண்டே.

பிள்ளையார்பட்டிக்கு நேரமில்லை.
நாலாவதாக எழுதிய இடம் எனக்கே மறந்துவிட்டது.
வண்டியில் பிள்ளைகள் தூங்கிப்போக
அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள்.
"ராத்திரி என்ன சாப்புடுவ?"
"எதாவது" என்றேன்.
விரலை முகர்ந்துகொண்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

செருப்பு என் பையில் தங்கிவிட்டது.
"வையி, அடுத்த லீவுக்கு வாங்கிக்கறோம்.
அதுக்குள்ள பத்தாது, இருந்தாலும் வையி."

திங்கட்கிழமை, யாரும் வராத எட்டரை மணிக்குத்
தராசில் காகிதம் விரித்து வைத்துப் பார்த்தேன்.
நாற்பத்தொரு கிராம், சொச்சம்.
இது காய்ந்த எடை.
ஈரத்தோடு எவ்வளவு இருந்தது என்று
நேற்றே பார்த்திருக்க வேண்டும்.